தூர வடக்கில் நிலவைக் கணிப்பது எப்படி: ட்ரோம்சோவுக்கும் லாங்யியர்பியனுக்கும் புதிதாக வருவோருக்கான வழிகாட்டி

நார்வேயின் வட பகுதிக்கோ அதற்கும் அப்பால் உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்கோ புதிதாக வருகிறவர்கள் சூரியனைப் பற்றி ஓரளவு தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். ட்ரோம்சோவில் நவம்பர் கடைசி வாரம் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வராது என்பதும், லாங்யியர்பியனில் அந்த இருட்டு அக்டோபர் இறுதியிலேயே தொடங்கிப் பிப்ரவரி நடுப்பகுதி வரை நீளும் என்பதும் எல்லாரும் சொல்லும் செய்தி. நிலவைப் பற்றி அப்படி யாரும் சொல்லிவைப்பதில்லை. ஆனால் துருவ இரவின் மாதங்களில் வெளியே நடக்கவும், பனிச்சறுக்குப் பலகையில் செல்லவும், படம் எடுக்கவும் இயற்கை தரும் விளக்கு நிலவு ஒன்றுதான். அது எப்போது இருக்கும், எப்போது இராது என்பதை நாமே கணித்துக்கொள்ளக் கற்பது அங்கே வாழ்வதற்குத் தேவையான அடிப்படை அறிவு என்றே நான் கருதுகிறேன்.

புதியவர்கள் பெரும்பாலும் நிலவு உதய அட்டவணையைத் திறந்து, அன்றைய உதய நேரத்தைத் தேடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். அந்த இடத்தில் எண்ணுக்குப் பதிலாகக் கோடுகளோ நட்சத்திரக் குறிகளோ இருக்கும்; செயலி பழுதாகிவிட்டது என்று எண்ணி மூடிவிடுவார்கள். தூர வடக்கில் உதய நேரம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விவரம். அதற்கு முன் இரண்டு செய்திகள் தெரிய வேண்டும்: நிலவு வானத்தில் எவ்வளவு வடக்கே இருக்கிறது, அன்று அதன் பிறை நிலை என்ன. இந்த இரண்டும் கையில் இருந்தால் அட்டவணை சொல்வதெல்லாம் தானாகவே விளங்கும்.

படி 1: உங்கள் ஊருக்கான எல்லை எண்ணைக் கண்டுபிடியுங்கள்

90 பாகையிலிருந்து உங்கள் ஊரின் அட்சரேகையைக் கழியுங்கள். ட்ரோம்சோ 69.65 பாகை வடக்கில் இருப்பதால் அதன் எல்லை எண் ஏறத்தாழ 20.4. லாங்யியர்பியன் 78.22 பாகையில் இருப்பதால் அதன் எண் ஏறத்தாழ 11.8. இதை ஒரு முறை கணக்கிட்டு எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஊர் மாறும்வரை இந்த எண் மாறாது.

அடுத்து, நிலவின் நடுவரை விலக்கத்தைப் பாருங்கள். வானியல் செயலிகளில் இது டெக்ளினேஷன் என்ற பெயரில் இருக்கும். பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் செல்லும் கற்பனைக் கோடே வான நடுவரை; நிலவு அதற்கு வடக்கே எத்தனை பாகை அல்லது தெற்கே எத்தனை பாகை விலகி இருக்கிறது என்பதே அது. வடக்கென்றால் கூட்டல் குறி, தெற்கென்றால் கழித்தல் குறி. இந்த விலக்கம் வடக்கே உங்கள் எல்லை எண்ணைத் தாண்டியிருந்தால் நிலவு அன்று மறையாது; தெற்கே தாண்டியிருந்தால் அன்று உதிக்காது; இரண்டுக்கும் இடையில் இருந்தால் மட்டுமே உதயமும் மறைவும் உண்டு. எல்லை எண்ணுக்கு அரைப் பாகை அளவுக்கு நெருங்கி நிற்கும் நாள்களில் மட்டும் இந்தக் கணக்கை உறுதியாக நம்ப வேண்டாம். ஒளிவிலகலும், நிலவு பூமிக்கு அருகில் இருப்பதால் ஏற்படும் தோற்றப் பிழையும் முடிவை எந்தப் பக்கமும் தள்ளிவிடக்கூடும்.

நிலவு தன் வட எல்லையிலிருந்து தென் எல்லைக்குச் சென்று மறுபடியும் வட எல்லைக்குத் திரும்ப 27.3 நாள்கள் ஆகின்றன. சூரியன் ஓர் ஆண்டில் செய்வதை நிலவு நான்கு வாரத்துக்குள் செய்து முடிக்கிறது. ஆகவே நள்ளிரவுச் சூரியனுக்கும் துருவ இரவுக்கும் இணையான இரண்டு பருவங்கள் நிலவுக்கும் உண்டு. அவை ஒவ்வொரு மாதமும் வந்து போகின்றன.

படி 2: ஆண்டு எது என்று பாருங்கள்

நிலவின் பாதை சூரியனின் தோற்றப் பாதைக்கு ஏறத்தாழ 5.1 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வின் திசை 18.6 ஆண்டுகளில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவருவதால், நிலவு வடக்கே எட்டும் உச்ச விலக்கம் சில ஆண்டுகளில் 28.6 பாகை வரை உயர்கிறது, வேறு சில ஆண்டுகளில் 18.3 பாகையோடு நின்றுவிடுகிறது. உச்ச நிலை 2024, 2025 ஆண்டுகளில் அமைந்தது. தாழ்ந்த நிலை 2034 வாக்கில் அமையும்.

லாங்யியர்பியனில் இருப்பவருக்கு இது பெரிய வேறுபாடாகத் தெரியாது. அங்கே எல்லை எண் 11.8 என்பதால், தாழ்ந்த ஆண்டுகளிலும் நிலவு மாதந்தோறும் அதைத் தாண்டும். மறையாத நாள்களின் எண்ணிக்கை மட்டும் ஒன்பது, பத்து என்பதிலிருந்து ஏழு என்ற அளவுக்குக் குறையும். ட்ரோம்சோவில் நிலைமை வேறு. அங்கே எல்லை 20.4 என்பதால், 2030களின் நடுப்பகுதியில் நிலவு ஒரு மாதம்கூட அதைத் தொடாது. மறையாத நிலவு என்பதே அந்த ஆண்டுகளில் அங்கே இருக்காது. ட்ரோம்சோவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் தம் நினைவிலிருந்து சொல்லும் விதி நீங்கள் வந்த ஆண்டுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். மறுபக்கம், உச்ச ஆண்டுகளில் நிலவின் துருவ வட்டம், அதாவது மறையாத நிலவைக் காணக்கூடிய பகுதியின் தென் எல்லை, 61.4 பாகை வரை தெற்கே இறங்கிவிடுவதால், நள்ளிரவுச் சூரியனையே காணாத ட்ரொண்ட்ஹைம் நகரிலும் மறையாத நிலவைக் காண முடிகிறது.

படி 3: அட்டவணையின் குறிகளைப் பழகுங்கள்

அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் அட்டவணைகளில் **:** என்ற குறி, நாள் முழுவதும் அடிவானத்துக்கு மேலே என்பதையும், --:-- என்ற குறி, நாள் முழுவதும் கீழே என்பதையும் காட்டுகிறது. மாலுமிகள் பயன்படுத்தும் கடற்பயணப் பஞ்சாங்கத்தில் வெற்றுச் சதுரம் மேலே இருப்பதற்கும், நிரப்பிய சதுரம் கீழே இருப்பதற்கும் அடையாளம். மற்ற தளங்களும் செயலிகளும் தத்தம் குறிகளை வைத்திருக்கின்றன. எதைப் பயன்படுத்தினாலும் குறிவிளக்கத்தை ஒரு முறை படித்துவிடுங்கள். மேலே, கீழே என்ற இரண்டையும் வேறுபடுத்தாமல் வெறும் கோடு மட்டும் போடும் செயலியைத் தூர வடக்கில் வைத்துக்கொள்வதில் பயனில்லை.

ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருப்பது இதிலிருந்து வேறுபட்டது. உதய நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போகும்போது, ஓர் உதயம் இரவு 12 மணிக்குச் சற்று முன்பும் அடுத்தது மறுநாளைத் தாண்டியும் விழலாம். இடையில் உள்ள தேதிக்கு உதயம் இராது. இது உலகின் எந்த ஊரிலும் நடப்பதுதான்.

நேர மண்டலத்தையும் இங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்வால்பார்ட் உட்பட நார்வே முழுவதும் உலக நேரத்தைவிட ஒரு மணி முன்னால் இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இரண்டு மணி.

படி 4: ஒரு மாதத்தின் ஓட்டத்தைப் பின்தொடருங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள், நிலவு ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும் என்று எழுதியிருக்கும். சராசரியாக அது சரி. தூர வடக்கில் எந்த ஒரு தனி நாளுக்கும் அதை நம்பக் கூடாது.

லாங்யியர்பியனை எடுத்துக்கொள்வோம். உச்ச நிலையை ஒட்டிய ஆண்டுகளில், நிலவு ஏறத்தாழ ஒன்பது, பத்து நாள்கள் மறையாமல் இருக்கும். அதே அளவு நாள்கள் உதிக்காமல் இருக்கும். இந்த இரண்டு காலங்களுக்கும் இடையில் எஞ்சுவது, நிலவு வடக்கு நோக்கிச் செல்லும் ஏறுமுகமாக நான்கு நாள்களும், தெற்கு நோக்கித் திரும்பும் இறங்குமுகமாக நான்கு நாள்களும்தான். அதாவது, 27 நாளில் எட்டு நாள்களுக்கு மட்டுமே அட்டவணையில் உதய, மறைவு நேரங்கள் முறையாக இருக்கும். இதை அறிந்தபின், கோடும் குறியுமாக நிறைந்த பக்கம் யாரையும் குழப்பாது.

ஏறுமுகமான அந்த நான்கு நாள்கள் கவனித்துப் பார்க்கத் தக்கவை. முதல் நாள் நிலவு தெற்கு அடிவானத்தில் சிறிது நேரம் தலைகாட்டி மறையும். அடுத்த நாள் முந்தைய நாளைவிட முன்னதாக உதிக்கும். நிலவு வான நடுவரையைக் கடக்கும் வேளையில் உதயம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்னேறி வரும், மறைவோ ஏறத்தாழ மூன்று மணி நேரம் பின்னுக்குப் போகும். உதயமாகும் திசையும் தெற்கிலிருந்து கிழக்குக்கும், கிழக்கிலிருந்து வடக்குக்கும் நகரும். நான்காம் நாளுக்குப் பின் வடக்கு அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் கடந்து, நிலவு மறையாமல் சுற்றத் தொடங்கிவிடும். உதயம் இப்படி முன்னேறி வருவதால் ஒரே தேதியில் இரண்டு உதயங்கள் வருவதும் உண்டு: நள்ளிரவு தாண்டியவுடன் ஒன்று, அதே நாளின் இரவு 11 மணிவாக்கில் இன்னொன்று. அட்டவணையில் அப்படி அச்சாகியிருந்தால் அது பிழையன்று. சில எளிய செயலிகள் இரண்டாவதைக் காட்டாமல் விட்டுவிடும் என்பதால், ஏறுமுக நாள்களில் அடுத்த தேதியின் கட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இறங்குமுக நாள்களில் இது தலைகீழாகும். உதயம் ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரம் போலத் தள்ளிப்போக, மறைவு முன்னேறி வரும். ட்ரோம்சோவிலும் இதே ஓட்டம்தான், வேகம் மட்டும் குறைவு: உச்ச ஆண்டுகளில் மறையாத நாள்கள் ஆறு, உதிக்காத நாள்கள் ஆறு, இடைப்பட்ட இரு பகுதிகளும் ஏறத்தாழ ஏழேழு நாள்கள்.

படி 5: பிறை நிலையைப் பருவத்தோடு சேர்த்துப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியுமென்றால், இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள்.

அமாவாசையும் பௌர்ணமியும் உலகம் முழுவதற்கும் ஒரே கணத்தில் நிகழ்பவை. வடக்கே போவதால் அவை மாறுவதில்லை. பிறைகளின் சுற்று 29.5 நாள்கள். நிலவு வடக்கும் தெற்குமாகச் சென்று திரும்பும் சுற்று 27.3 நாள்கள். இரண்டுக்கும் இடையே உள்ள இரண்டு நாள் சொச்சம் வேறுபாட்டால், நிலவு வட உச்சியில் நிற்கும்போது அது எந்தப் பிறையாக இருக்கும் என்பது மாதத்துக்கு மாதம் நகர்ந்து, ஓர் ஆண்டில் முழுச் சுற்றாகிறது.

காரணம் எளியது. பௌர்ணமி நிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்கிறது. டிசம்பரில் சூரியன் தென் எல்லையில் இருப்பதால் பௌர்ணமி நிலவு வட எல்லையில் இருக்கும். ஜூனில் சூரியன் வட எல்லையில் இருப்பதால் பௌர்ணமி நிலவு தென் எல்லைக்குப் போய்விடும். ஆகவே துருவ இரவின் நடுவில், முழு நிலவும் அதன் முன்பின் நாள்களும் மறையாத காலத்தில் அமைகின்றன. மெலிந்த பிறைகளும் அமாவாசையும் உதிக்காத காலத்தில் விழுந்துவிடுகின்றன. இருட்டு மிகுந்த மாதங்களில் நிலவு தன் மிகப் பிரகாசமான நாள்களை மட்டும் தந்து, மங்கலானவற்றை அடிவானத்துக்குக் கீழே வைத்துக்கொள்கிறது. நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி இறுதி வரை நண்பகலிலும் போதிய அந்தி வெளிச்சம் இல்லாத லாங்யியர்பியனில், பனி மூடிய மலைகள்மீது இந்த நிலவொளி நாள்கணக்கில் இடைவிடாது விழுவதைப் போல வேறெதுவும் அந்தக் காலத்தை இலகுவாக்குவதில்லை. புதிதாக வருகிறவர்கள் தங்கள் முதல் குளிர்காலத்திலேயே அந்த நாள்களைத் தேடிப்பிடித்து வெளியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மார்ச் இறுதியில் மறையாத காலத்தின் நடுவில் இருப்பது வளர்பிறையின் அரை நிலவு. அப்போது லாங்யியர்பியனில் மெல்லிய வளர்பிறை தோன்றிய சில நாள்களிலேயே அது மறையாத நிலைக்கு வந்து, பௌர்ணமி நெருங்கும்போது இறங்கத் தொடங்கிவிடும். செப்டம்பர் இறுதியில் அந்த இடம் தேய்பிறையின் அரை நிலவுக்கு. கோடையில் மறையாத நிலவு அமாவாசையை ஒட்டியது. நள்ளிரவுச் சூரியனின் ஒளியில் அதைக் காண வழியில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் முழு நிலவைப் படமெடுக்கும் திட்டத்தோடு இந்த ஊர்களுக்கு வருவது வீண்.

துருவ ஒளியைப் பார்க்க விரும்புவோர் இதே விதியைத் திருப்பிப் பயன்படுத்தலாம். முழு நிலவு மங்கலான ஒளித்திரைகளை அடக்கிவிடும். ஆனால் வலுவான ஒளி தோன்றும் இரவில் மலைகளையும் கடலையும் படத்தில் தெளிவாக்கித் தரும். எது வேண்டும் என்பதைப் பொறுத்து, நிலவு மறையாத வாரத்தையோ உதிக்காத வாரத்தையோ தேர்ந்துகொள்ளுங்கள்.

படி 6: கடிகாரத்தைக் கொண்டு திசையைக் கண்டறியுங்கள்

மறையாத நிலவு வானில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 24 மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் எல்லாத் திசைகளையும் சுற்றி வருகிறது. பௌர்ணமி நிலவு நள்ளிரவில் தெற்கே மிக உயரத்திலும், காலை 6 மணிவாக்கில் மேற்கிலும், நண்பகலில் வடக்கே மிகத் தாழ்ந்தும், மாலை 6 மணிவாக்கில் கிழக்கிலும் இருக்கும். வளர்பிறையின் அரை நிலவு மாலை 6 மணிவாக்கிலும், தேய்பிறையின் அரை நிலவு காலை 6 மணிவாக்கிலும் தெற்கைக் கடக்கும். 12 மணி நேரம் கழித்து வடக்கே இருக்கும். கோடை நேரம் நடப்பில் இருந்தால் ஒரு மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள். இவை தோராயமானவைதான் என்றாலும், எந்தப் பக்கம் மலை மறைக்காத இடத்துக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கப் போதுமானவை.

உயரத்தையும் எளிதில் கணக்கிடலாம். தெற்கைக் கடக்கும்போது நிலவின் உயரம், எல்லை எண்ணோடு நடுவரை விலக்கத்தைக் கூட்டினால் கிடைப்பது. வடக்கைக் கடக்கும்போது, விலக்கத்திலிருந்து எல்லை எண்ணைக் கழித்தால் கிடைப்பது.

படி 7: மலைகளையும் காற்றையும் கணக்கில் சேருங்கள்

எல்லா அட்டவணைகளும் தடையற்ற கடல் அடிவானத்தை வைத்தே கணிக்கப்படுகின்றன. லாங்யியர்பியன் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. பக்கங்களில் மலைகள், வடகிழக்கில் மட்டும் அட்வென்ட் ஃபியோர்டு என்ற குறுகிய கடற்கழியை நோக்கித் திறப்பு. இதன் விளைவைச் சூரியனே காட்டிவிடும்: கணக்கின்படி பிப்ரவரி நடுப்பகுதியில் திரும்பும் சூரியனின் கதிர், ஊரின் பழைய மருத்துவமனைப் படிகளில் மார்ச் 8 அன்றுதான் விழுகிறது, ஊரே கூடி அதை வரவேற்கிறது. நிலவுக்கும் இதே தடை உண்டு. ஏறுமுகத்தின் முதல் நாளில் தெற்கு அடிவானத்தில் தலைகாட்டும் நிலவை ஊருக்குள் நின்று காண முடியாது. ட்ரோம்சோ தீவிலிருந்து பார்ப்பவருக்கும், கிழக்குப் பக்கம் 1,238 மீட்டர் உயரமுள்ள ட்ரோம்ஸ்டால்ஸ்டின்டன் போன்ற மலைகள் உதயத்தை வெகுவாகத் தாமதப்படுத்தும்.

தூர வடக்கில் நிலவு செங்குத்தாக எழுவதில்லை, அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக ஏறுகிறது. நிலநடுக்கோட்டில் நிலவின் தட்டு முழுவதும் மேலே வர இரண்டு நிமிடம் போதும். ட்ரோம்சோவில் குறைந்தது ஆறு நிமிடம், லாங்யியர்பியனில் பத்து நிமிடம் ஆகும். இதனால், கடுங்குளிர்க் காற்றில் ஒளிவிலகல் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடினாலும் உதய நேரம் பல நிமிடங்கள் பிசகும். எல்லை எண்ணை ஒட்டிய நாள்களில் அந்தப் பிசகு இன்னும் பெரிதாகும். அட்டவணை தரும் நேரத்தை நிமிடத் துல்லியமாக எடுத்துக்கொள்ளாமல், அரை மணி முன்னதாகவே இடத்தில் இருங்கள்.

ஒரு முழு எடுத்துக்காட்டு

2026 டிசம்பர் 24 அதிகாலையில் பௌர்ணமி. அந்த ஆண்டில் நிலவு பூமிக்கு மிக அருகில் இருக்கும் பௌர்ணமியும் அதுவே. அப்போது நிலவின் நடுவரை விலக்கம் வடக்கே 27 பாகையைத் தாண்டியிருக்கும். லாங்யியர்பியனின் எல்லை 11.8 என்பதால் நிலவு மறையாது. தெற்கைக் கடக்கும்போது ஏறத்தாழ 39 பாகை உயரத்திலும், நண்பகலில் வடக்கே ஏறத்தாழ 15 பாகை உயரத்திலும் இருக்கும். ட்ரோம்சோவில் இதே நிலவு தெற்கில் ஏறத்தாழ 47 பாகைக்கு ஏறி, வடக்கே 7 பாகை வரை தாழும். அந்த 7 பாகையில் பல இடங்களில் மலைகள் மறைத்துவிடும் என்பதால், நண்பகல் வேளையில் வடக்கு நோக்கித் திறந்த கடற்கரையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். லாங்யியர்பியனில் டிசம்பர் 20 முதல் 27 வரை, ட்ரோம்சோவில் 21 முதல் 25 வரை நிலவு மறையாமல் இருக்கும். பௌர்ணமியன்று பிற்பகல் 3 மணிவாக்கில் நிலவு வடகிழக்கில், அதாவது லாங்யியர்பியன் பள்ளத்தாக்கு திறந்திருக்கும் திசையிலேயே நிற்கும். ஃபியோர்டின் கரைக்குச் செல்ல அதுவே ஏற்ற நேரம். குடியிருப்புப் பகுதியைத் தாண்டிச் செல்வதாக இருந்தால், துருவக் கரடிகளை விரட்டும் கருவி கையில் இருக்க வேண்டும் என்ற ஸ்வால்பார்டின் விதி நிலவொளியிலும் அப்படியே பொருந்தும்.

அதே ஆண்டு ஜூன் 30 அதிகாலைப் பௌர்ணமிக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலக்கம் தெற்கே 27 பாகையை ஒட்டியிருக்கும். இரண்டு ஊர்களின் எல்லை எண்களையும் அது தாண்டிவிடுவதால், அன்று எந்த ஊரிலும் உதயமில்லை. அடுத்ததாக, நீங்கள் வந்து சேரும் மாதத்தின் நடுவரை விலக்கங்களை நாள்வாரியாக ஒரு தாளில் எழுதி, எல்லை எண்ணைத் தாண்டும் நாள்களுக்குக் கீழே கோடிட்டு, பக்கத்தில் பிறை நிலையைக் குறித்துவிட்டு, அதன் பிறகு அட்டவணையைத் திறந்து ஒப்பிடுங்கள்.